குடலுக்கு நரம்பு வந்த வரலாறு

உலகத்து உயிர்களை அண்டசம், சுவேதசம், உற்பீசம், சராயுசம் என நால்வகைத் தோற்றத்தின்பாற்படுத்திக் கூறுவது நம் முன்னோர் மரபு. இந்நான்கனுள் முட்டையிற் பிறப்பனவாகிய அண்டசங்களே உயிரின் தோற்றத்தை ஆராயப் புகுந்தோர்க்கு என்றும் உற்ற துணையாய் நின்றன. தாய்வயிற்றுள் மறைந்து வளரும் கருவைக் காண்டல் அரிது. முட்டையில் வளரும் கருவையோ, ஓட்டில் ஒரு சிறு சாளரம் திறந்து நாள்தோறும் காணலாம். கிரேக்க ஞானியாகிய அரித்தோத்தில் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அடைமுட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்து, மூன்றாம் நாளளவில் இரத்தத் துளிபோல் துடிக்கும் இதயத்தைக் குறித்து வைத்தார். அன்று தொடங்கிய ஆராய்ச்சி இன்றுவரை ஓயவில்லை.

நயினாதீவு பறவையோடும் பாம்போடும் தொடர்புடைய தீவு. நாகபூசணி அம்மனுக்கென வாயிற் பூவைக் கவ்விக்கொண்டு கடல் நீந்தி வந்த நாகத்தைக் கருடன் கொல்ல முற்பட்டதாகவும், அவ்வழியே மரக்கலத்தில் வந்த வணிகன் ஒருவன் இடைநின்று அதனைக் காத்ததாகவும் ஐதிகம் கூறும். பாம்பு சுற்றிய கல்லும் கருடன் கல்லும் அக்கதைக்குச் சான்றாக இன்றும் காட்டப்படுகின்றன. கதையில் வரும் கருடன் பசியடக்கிப் போயிற்று. தீவின் வீடுதோறும் மேயும் கோழியோ விடிந்தது முதல் பொழுது சாயும்வரை கொத்தித் தின்றபடியே இருக்கிறது. அது தின்ற நெல்லும் புழுவும் மணலும் கண்டப்பையிலிருந்து கழியறைவரை ஒழுங்காக நகர்ந்து செல்கின்றன. இந்நகர்ச்சியை நடத்துவது யாது? அடைவைத்த முட்டை 21 நாளிற் குஞ்சு பொரிக்கும் என்பதைத் தீவிலுள்ள சிறுவரும் அறிவர். ஆயின், அந்த 21 நாளில் முதல் எட்டு அல்லது ஒன்பது நாட்களுக்குள், குடலை நடத்தப்போகும் நரம்புக் கலங்கள் தலைப்புறத்தினின்றும் புறப்பட்டு, குடலின் முழுநீளத்தையும் நடந்து கடந்து, வாற்புறத்தை அடைந்துவிடுகின்றன என்பதை உலகம் அறிந்து நெடுங்காலமாகவில்லை. அதனை அறிந்த வரலாறு அறிவுக்கு விருந்தாவதோடு, பச்சிளங் குழந்தைகளின் உயிரோடும் தொடர்புடையது.

நரம்பு என்னும் சொல் தமிழில் மிகப் பழையது. யாழின் தந்தியும் நரம்பே. உடலிற் புடைத்துத் தோன்றும் நாளமும் தசைநாரும் வழக்கில் நரம்பே. மூளையின் ஆணையைக் கொண்டுசெல்லும் மெல்லிய இழைக்கு அச்சொல்லை வரையறுத்து வழங்கும் முறை, மேனாட்டு வைத்தியம் தமிழில் எழுதப்பட்ட காலத்திலேயே நிலைபெற்றது. அப்பணியில் முன்னின்றவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர். 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அவர், முதலில் வட்டுக்கோட்டையிலும் பின்னர் மானிப்பாயிலும் இருந்து, நம் நாட்டு இளைஞர்க்குத் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். உடலமைப்பு நூல்களையும் சத்திரசிகிச்சை நூல்களையும் தமிழாக்கினார். அதே 1847ஆம் ஆண்டில், பேர்லின் நகரில், கோழியின் குடலைப் பற்றிய ஒரு சிறு நூல் வெளிவந்தது. இவ்விரண்டிற்கும் நேரான தொடர்பு யாதுமில்லை. எனினும், நரம்பு பற்றிய புத்தறிவு யாழ்ப்பாணத்தை அடையத் தொடங்கிய அதே ஆண்டிற் குடல் நரம்பின் வரலாறும் தொடங்கிற்று என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அந்நூலை எழுதியவர் றொபேட் ரெமாக். அவர் 1815இல் போசன் நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். அக்காலப் புறூசிய நாட்டிற் பல்கலைக்கழகத்திற் கற்பிக்கும் உரிமை யூதர்க்கு இல்லை. மதம் மாறினால் வழி திறக்கும் என்பதை அறிந்தும் ரெமாக் மாறவில்லை. அலெக்சாந்தர் வொன் ஹம்போல்ட் முதலிய பெரியோர் துணைநின்றமையால், அரசாணையின் பேரில் 1847இல் விரிவுரை நிகழ்த்தும் உரிமை அவர்க்குக் கிடைத்தது. பேர்லின் பல்கலைக்கழகத்தில் அவ்வுரிமை பெற்ற முதல் யூதர் அவரே. கலம் கலத்தினின்றே பிரிந்து தோன்றும் என்பதைக் கோழிமுளையத்திற் கண்டு நிறுவியவருள் முதன்மையானவர் அவர்; முளையத்தின் படைகள் மூன்று என்பதைத் தெளிவுபடுத்தியவரும் அவரே. அத்தகையவர்க்கு 1865இல் இறக்கும்வரை முழுப் பேராசிரியர் பதவி கிட்டவில்லை. சுயாதீனமான ஒரு குடல் நரம்புத் தொகுதி உண்டு என்பதே அவருடைய 1847ஆம் ஆண்டு நூலின் பொருள். பறவையின் குடலை உடற்சுவரோடு பிணைக்கும் மென்படலத்தில், கழியறைப் புறத்திலிருந்து முன்னோக்கிக் குடலோடு ஒட்டிச் செல்லும் நீண்டதொரு நரம்பை அவர் விவரித்தார். இடையிடையே திரட்டுக்களைக் கொண்ட அந்நரம்பு பறவையினத்திற்கே உரியது. ரெமாக்கின் நரம்பு என்றே அது இன்றும் வழங்குகிறது. பதவி தர மறுத்த காலம் மறைந்துவிட்டது. பெயரோ ஒவ்வொரு கோழியின் வயிற்றிலும் நிலைத்துவிட்டது.

ரெமாக்கின் பின் வந்தோர் குடற்சுவரின் உள்ளே புகுந்து நோக்கினர். 1857இல் கியோர்க் மைசினர், குடலின் உட்சவ்வுக்குக் கீழுள்ள படையில் நுண்ணிய நரம்புவலை ஒன்றைக் கண்டார். 1862இல் பிறெஸ்லாவ் நகர வைத்தியராகிய லியோபோல்ட் அவுவர்பாக், வட்டத்தசைக்கும் நெடுந்தசைக்கும் இடையே வேறொரு வலையைக் கண்டார். இவ்விரு வலைகளும் கண்டவர் பெயராலேயே அறியப்படுகின்றன. மீன்வலையின் முடிச்சுப்போல் ஆங்காங்கே நரம்புக் கலங்கள் திரண்டு நிற்க, அவற்றை இழைகள் ஒன்றோடொன்று இணைக்கின்றன. தசையை அசைப்பதிற் பெரும்பங்கு வெளிவலைக்கு உரியது. சுரப்பையும் குருதியோட்டத்தையும் ஒழுங்குசெய்வது பெரும்பாலும் உள்வலையின் கடமை.

பறவையில் இவ்வலை எங்கும் ஒரே வகையாய் அமைந்ததன்று. தானியத்தை அரைக்கும் தசைப்பையில், அஃதாவது கோழி விழுங்கிய மணலும் சிறுகல்லும் அம்மிபோல் நின்று தொழிற்படும் இடத்தில், வெளிவலை தசைப்படைகளின் நடுவே புதைந்திராமல் தசையின் மேற்பரப்பில், வெளிச்சவ்வின் கீழேயே பரந்துகிடக்கிறது. குடலின் பிற்பகுதியில் ரெமாக்கின் நரம்பும் துணைநிற்கிறது. அதன் திரட்டுக்கள் கழியறையை நெருங்குந்தோறும் பருத்தும், முன்னோக்கிச் செல்லச் செல்லச் சிறுத்தும் காணப்படும். இவ்வாறு இடத்திற்கேற்ப வேறுபடும் பரம்பலே, இக்கலங்கள் எங்கிருந்து வந்தன என்னும் வினாவைப் பின்னர் எழுப்பிற்று.

அவ்வினாவிற்கு விடைகாணு முன்னர், இவ்வலை செய்யும் தொழில் யாது என்பது தெளிவாக வேண்டியிருந்தது. 1899இல் இலண்டன் மாநகரில் பெயிலிஸ், ஸ்ராலிங் என்னும் இருவர், நாயின் குடலுக்கு வெளியிலிருந்து வரும் நரம்புகளை அறுத்துவிட்டுச் சோதித்தனர். அதன் பின்னரும், குடலின் ஓரிடத்தைத் தூண்டியவிடத்து அதன் மேற்பகுதி சுருங்கிக் கீழ்ப்பகுதி தளர்ந்தது. உணவைக் கீழ்நோக்கித் தள்ளும் சுற்றிழுப்பசைவுக்குக் குடல் தன் நரம்பையே நம்பி நிற்கிறது என்பது இதனாற் புலனாயிற்று. 1917இல் யேர்மனியரான திரெண்டலன்பேர்க், உடலினின்றும் வெட்டியெடுத்துக் கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்த குடற்றுண்டும் அவ்வாறே அசைதலைக் காட்டினார். 1921இல் கேம்பிறிட்ஜ் பேராசிரியர் லாங்லி, நம் விருப்பத்திற்கு அடங்காது இயங்கும் நரம்புகளை மூன்று பிரிவாக்கி, குடல் நரம்புத் தொகுதியை அவற்றுள் ஒன்றாகத் தனித்து வைத்தார். மனிதர் குடலில் மட்டும் பத்துக் கோடிக்கு மேற்பட்ட நரம்புக் கலங்கள் உள என்பது இன்றைய கணிப்பு. அச்சம் வந்துற்றபோது குடல் நடுங்கிற்று என்று தமிழர் கூறிவந்தது வெறுஞ் சொல்லன்று.

இத்துணைக் கலங்களும் எங்கிருந்து தோன்றின? குடற்சுவரிலேயே பிறந்தனவா, வேறிடத்துப் பிறந்து வந்து குடியேறினவா? இவ்வினாவின் தொடக்கமும் கோழிமுட்டையிலேதான் உள்ளது. 1868இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் வில்லெம் ஹிஸ், கோழிமுளையத்தின் முதுகுப்புறத்தில் நரம்புக்குழாய்க்கும் வருங்காலத் தோலுக்கும் இடையே மெல்லியதொரு கலப்பட்டியைக் கண்டு வரைந்தார். முதுகில் உள்ள நரம்புத்திரட்டுக்கள் இப்பட்டியினின்றே தோன்றுவன என்றும் உரைத்தார். இப்பட்டியே இன்று நரம்பு முகடு எனப்படுவது. நரம்புக்குழாய் மூடும் இரண்டாம் நாளளவில் இம்முகட்டின் கலங்கள் தம்மிடம் விட்டுப் பிரிந்து உடலெங்கும் பரவுகின்றன. ஆயினும், அவை உடலின் பிற கலங்களோடு கலந்தபின் இன்னது இன்னதெனப் பிரித்தறிய இயலாது. திருவிழாக் கூட்டத்துட் புகுந்த ஊரவனைத் தொலைவினின்று இனங்காண்பது போன்றது அது. குடலின் நரம்பு குடலிலேயே தோன்றியது என்பாரும், அலையும் நரம்பாகிய வேகசின் வழியே வந்தது என்பாரும் எனப் பல்லாண்டுகள் வழக்காடினர்.

1954இல் இன்ரெமா, ஹமொன்ட் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இவ்வழக்கிற்கு ஒரு சான்று கொணர்ந்தனர். கோழிமுளையத்திற் பின்மூளையை அடுத்துள்ள நரம்பு முகட்டை வெட்டியகற்றி, முட்டையை மூடி வளரவிட்டபோது, குடலிற் திரட்டுக்கள் தோன்றாது குறைந்தன. குடலின் நரம்பு கழுத்தருகிலுள்ள முகட்டினின்றே வருகிறது என்பது இதனாற் பெரிதும் வலியுற்றது. எனினும், அகற்றிக் காணும் முறைக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு பகுதியை வெட்டினாற் சுற்றியுள்ளனவும் ஊறுபடலாம். எஞ்சிய கலங்கள் பெருகி வெற்றிடத்தை நிரப்பவும் கூடும். இல்லாதொழிந்ததைக் கொண்டு இருந்ததை உய்த்துணர்வதைக் காட்டிலும், சென்ற கலத்தைச் சென்றவிடத்திலேயே கண்டு காட்டுவது வலிய சான்றாகும். அதனைச் செய்து காட்டியவர் ஒரு பள்ளி ஆசிரியை.

நிக்கோல் லெ துவாரென் 1930இல் பிரான்சு நாட்டின் பிரித்தானிக் கரையோரத்துத் துறைமுகப் பட்டினமாகிய லோரியானிற் பிறந்தவர். பட்டம் பெற்றபின் பல ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞானம் கற்பித்தார்; இல்லறமும் மக்கட்பேறும் அக்காலத்தனவே. பின்னரே எத்தியென் வொல்ப் என்னும் முளையவியற் பேராசிரியரிடம் ஆராய்ச்சி பயின்று, 1964இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஈரல் எவ்வாறு உருவாகிறது என்பதை ஆராயும்பொருட்டுக் கோழியின் இழையத்தோடு யப்பான் காடையின் இழையத்தைச் சேர்த்து வளர்த்தார். அவற்றை நுணுக்குக்காட்டியின் கீழ் நோக்கியபோது, வேறொருவர் கண்டும் காணாது விட்டிருக்கக்கூடிய ஒன்று அவர் கண்ணிற் பட்டது. நிறப்பொருளைச் சிவப்பாக்கும் சாயம் ஊட்டியவிடத்து, காடைக் கலத்தின் கருவினுள் ஒரு பெரும் புள்ளி செறிந்து தோன்றிற்று. புன்கருவை அடுத்து நிறப்பொருள் திரண்டு நிற்பதால் அமைவது அப்புள்ளி. கோழிக் கலத்திலோ நிறப்பொருள் கருவெங்கும் சிதறிக் கிடந்தது, புள்ளி இல்லை.

இவ்வேறுபாட்டின் பயனை அவர் உடனே உணர்ந்தார். காடையின் ஒவ்வொரு கலமும் பிறப்பிலேயே தன் நெற்றியில் ஓர் அடையாளத்தைத் தாங்கி நிற்கிறது. அது பிரிந்து பெருகினும் அவ்வடையாளம் அழிவதில்லை, அயற்கலத்திற்குத் தொற்றுவதுமில்லை. ஆகவே, கோழிமுளையத்தின் நரம்புக்குழாயில் ஒரு துண்டை அகற்றி, அதே வயதுடைய காடைமுளையத்தின் அதே இடத்துத் துண்டை அங்கே பொருத்திவிட்டால், அதினின்று புறப்படும் கலங்கள் எங்கெங்கே சென்று தங்குகின்றன என்பதைப் பின்னர் எண்ணிப் பார்க்கலாம். இம்முறையை அவர் 1969இல் வெளியிட்டார்.

1973இல் அவரும் அவர்தம் துணையாராகிய மரி எமே தெய்யேயும் குடல் பற்றிய முடிவை வெளியிட்டனர். முளையத்தின் முதுகிற் கணுக்கணுவாய் அமைந்த உடற்றுண்டங்களைக் கொண்டு அவர்கள் இடங்களை அளந்தனர். முதலாம் துண்டம் முதல் ஏழாம் துண்டம்வரை உள்ள முகட்டினின்று புறப்பட்ட கலங்கள் குடலின் முழுநீளத்திற்கும் நரம்பு தந்தன. இருபத்தெட்டாம் துண்டத்திற்குப் பின்னுள்ள முகட்டின் கலங்கள் ரெமாக்கின் நரம்பை உருவாக்கி, கொப்பூழுக்குப் பிற்பட்ட குடலுக்கும் ஓரளவு பங்களித்தன. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நெடுந்தூரத்து முகடு குடலுக்கு நரம்பு தரவில்லை. அதன் கலங்கள் பரிவுநரம்புத் திரட்டுக்களாகவும் அதிரீனற் சுரப்பியின் உட்பகுதியாகவும் அமைந்தன. கழுத்தருகே புறப்படும் கலங்கள் மூன்றாம் நாளளவில் முன்குடலுட் புகுகின்றன. ஐந்தாம் ஆறாம் நாட்களிற் கொப்பூழ்ப் பகுதியைக் கடக்கின்றன. எட்டரை நாளளவிற் கழியறையை எட்டுகின்றன. அவை நடக்கும்போதே குடலும் நீளுகிறது. ஆகவே, நடந்தால் மட்டும் போதாது. நடந்தபடியே பெருகவும் வேண்டும். பெருகாத படை பாதி வழியிலே நின்றுவிடும்.

வாற்புறத்துக் கலங்கள் உண்மையாகவே குடற்சுவருட் புகுகின்றனவா என்பதில் வேறு சிலர் ஐயுற்றனர். அவ்வையம் இருபத்தைந்து ஆண்டுகள் நீடித்தது. 1998இல் அலன் பேர்ன்ஸ் என்பவரோடு சேர்ந்து லெ துவாரென் அவ்வினாவை மீண்டும் ஆராய்ந்தார். வாற்புறத்துக் கலங்கள் முதலிலே ரெமாக்கின் நரம்பில் வந்து தங்குகின்றன. குடலின் வாயிலிற் பல நாள் காத்திருக்கின்றன. தலைப்புறத்துக் கலங்கள் அவ்விடத்தை அடையும் காலத்தையொட்டியே உள்ளே புகுகின்றன. கடைக்குடலிலும் அவற்றின் தொகை மொத்தத்தில் ஐந்திலொன்றுக்குக் குறைவே. பெருங்குடியேற்றம் தலைப்புறத்ததே என்பதும், வாற்புறத்தது துணைக்குடியேற்றம் என்பதும் இவ்வாறு முடிவாயின.

இவ்வாராய்ச்சியில் மற்றுமோர் உண்மை வெளிப்பட்டது. குடலுக்கு நரம்பு தராத இடைமுகட்டின் கலங்களைக் கழுத்தருகே மாற்றிப் பொருத்தியபோது, அவையும் குடலை அடைந்து குடல் நரம்பாயின. குடலுக்கு உரிய முகட்டைக் கீழே மாற்றிப் பொருத்தியபோது, அதன் கலங்கள் அதிரீனற் சுரப்பியை அடைந்து அதற்குரியனவாயின. கலத்தின் வாழ்வைப் பிறப்பு மட்டும் தீர்ப்பதில்லை. சென்ற வழியும் சேர்ந்த இடமும் அதில் பெரும்பங்கு கொள்கின்றன. கோழியின் குடலிற் கண்ட இவ்வுண்மை, பிறப்பினால் ரெமாக்கின் வழியை அடைத்தவர் காலத்திலேயே தெரிந்திருக்குமாயின், அவர்கள் அதனை எண்ணிப் பார்த்திருப்பரோ என்பது வேறு வினா.

கோழியின் குடலை இத்துணை நுணுகி ஆராய்தலாற் பயன் என்னை என வினவுவார் உளராயின், அவர்க்கு விடை குழந்தைகள் வைத்தியசாலையில் உண்டு. 1886இல் கொப்பன்ஹேகன் நகரக் குழந்தை வைத்தியராகிய ஹரால்ட் ஹேர்ஷ்பிறங், பேர்லினிற் கூடிய வைத்தியர் அவையில் இரண்டு கைக்குழந்தைகளின் வரலாற்றை எடுத்துரைத்தார். பிறந்தது முதல் மலம் கழியாது, வயிறு உப்பிப் பெருத்து, இருவரும் இறந்தனர். அவர்தம் பெருங்குடல் அளவின்றி விரிந்திருந்தது. விரிந்த பகுதியே நோயின் இடம் என வைத்தியர் நெடுங்காலம் கருதினர். அதனைச் சத்திரசிகிச்சையால் அகற்றியும் நோய் தீரவில்லை; குழந்தைகள் மாண்டனர். உண்மையில் நோய் விரிந்த பகுதியில் இல்லை. அதற்குக் கீழே, இயல்பானதுபோற் தோன்றும் ஒடுங்கிய கடைப்பகுதியில் இருந்தது. அங்கே நரம்புத் திரட்டு ஒன்றேனும் இல்லை. ஆகவே அப்பகுதி தளரமாட்டாது இறுகி நின்றது. மேலுள்ள பகுதி தடைப்பட்டு விரிந்தது. 1948இல் பொஸ்ரன் நகரில் ஓவார் சுவென்சன், ஒடுங்கிய பகுதியை அகற்றி நலமான குடலைக் குதத்தோடு இணைக்கும் முறையை வெளியிட்டார். அன்று முதல் இக்குழந்தைகள் பிழைக்கத் தொடங்கினர். பிறக்கும் குழந்தைகளுள் ஏறத்தாழ ஐயாயிரத்துக்கு ஒன்று இந்நோயோடு பிறக்கிறது. பிறந்து இரண்டொரு நாளில் மலம் கழியாமை, பச்சைநிற வாந்தி, வயிறு உப்பல் ஆகியவற்றைக் கண்ட தாய் தாமதியாது வைத்தியசாலையை நாடவேண்டும் என்பது இதனாற் பெறப்படும். கடல் கடந்து செல்லவேண்டிய தீவுப்பகுதித் தாய்மார்க்கு இவ்வறிவு இன்றியமையாதது.

சுவென்சன் நோயைத் தீர்க்கும் வழி கண்டார். நரம்பின்மை எக்குழந்தையிலும் குடலின் கடைப்புறத்தைப் பற்றியே நிற்பது ஏன் என்பதற்குக் கோழிமுளையமே விடை தந்தது. நரம்புக் கலங்கள் தலைப்புறத்தினின்று வருவன. ஆகவே அவை கடைசியில் அடையும் இடமே, அவை குறைவுற்றபோது முதலில் வெறுமையாகும் இடம். வாய்க்காலில் நீர் குறைந்தால் வறள்வது கடைமடை அன்றோ? வாற்புறத்துத் துணைக்கலங்களோ தொகையிற் சிறியன. தனித்து அவ்வெறுமையை நிரப்ப வல்லன அல்ல. 1994இல், றெற் எனப்படும் பரம்பரையலகிற் குறை நேர்ந்தால் இந்நோய் வரும் என்பது கண்டறியப்பட்டது. நடக்கும் கலங்களுக்குப் பெருகுக, முன்னேறுக என்னும் குறிப்பைக் குடற்சுவரினின்று ஏற்றுக்கொடுக்கும் வாயில் அவ்வலகினால் அமைவது. ஆய்கூடத்தில் வளர்த்த நரம்புக் கலங்களை வெறுமையான குடலிற் குடியேற்றும் முயற்சியும் இக்காலத்தில் விலங்குகளில் நடைபெற்று வருகிறது.

லெ துவாரென் பின்னர் தம் ஆசிரியர் வொல்ப் நடத்திய முளையவியல் நிறுவனத்திற்கே தலைவரானார். 1986இல் யப்பானின் கியோட்டோப் பரிசைப் பெற்றார். பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தின் நிலையான செயலாளராகவும் பணியாற்றினார். ஆயினும், அவரது வரலாற்றில் மாணவரும் ஆசிரியரும் கருத்திற் கொள்ளவேண்டியது அப்பட்டங்களன்று. வகுப்பறையிற் கழிந்த ஆண்டுகள் அவர் அறிவை மழுக்கவில்லை. காலம் கடந்து தொடங்கிய ஆராய்ச்சி காலம் கடந்து முடியவுமில்லை. அவர் கையாண்ட பொருள்களும் அரியனவல்ல: கோழிமுட்டை, காடைமுட்டை, கூரிய ஊசி, சாயம், நுணுக்குக்காட்டி. இவற்றுட் பல எந்தக் கல்லூரியின் ஆய்கூடத்திலும் உள்ளன. ஒரு புள்ளியைக் கண்டு, அது ஏன் அங்கே இருக்கிறது எனக் கேட்கும் கண்ணே அரியது. அக்கண்ணை மாணவரிடத்தில் திறப்பித்தலே ஆசிரியர் தொழில்.